பங்குச்சந்தை கேள்வி-பதில்: கொரியாவுல காசு விழுந்தா குவால்காம் ஷேர் ஏன் ஆடணும்?

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தை சுத்தியே இருந்துச்சு. ஏதோ ஒரு நாட்டுலயோ ஒரு பக்கத்துலயோ பொருளாதாரம் படுத்தா, செல்ஃபோன் டவர்ல மாட்டுற ரேடியோ, ஆன்டெனா, சிப்புன்னு விக்கிற கம்பெனிகளோட ஷேருக்கு என்ன ஆகுதுங்கறதுதான் அது. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், மியூச்சுவல் ஃபண்ட் கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி: சார், நான் திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் பண்றேன். கொஞ்சம் சேமிப்ப அமெரிக்க மார்க்கெட்ல நோக்கியா, எரிக்சன், குவால்காம்னு போட்டு வெச்சிருக்கேன். ஐரோப்பால மந்தம்னா எங்களுக்கு ஆர்டர் குறையும், அது புரியுது, ஜனங்க துணி எடுக்கறத தள்ளிப் போடுவாங்க. ஆனா ஃபோன் பேசறத யாரும் நிறுத்தறதில்லயே, அப்புறம் ஏன் நெட்வொர்க் சாமான் விக்கிறவங்க ஷேர் இப்படி விழுது?

பதில்: உங்க பனியன கடைசியா காசு குடுத்து வாங்கறது அதைப் போட்டுக்கறவர்தான், ஆனா எரிக்சன் விக்கிற ரேடியோவ ஃபோன் பேசறவர் வாங்கறதில்ல, ஆபரேட்டர் வாங்கறாரு. வோடஃபோன், டெலிஃபோனிக்கா, நம்ம ஏர்டெல் மாதிரி ஆளுங்க. நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, எந்த மந்தத்துலயும் ஜனங்க ரீசார்ஜ் பண்றத சுலபமா விடறதில்ல, ஆபரேட்டர் வருமானம் ரெண்டு சதவீதமோ மூணு சதவீதமோதான் குறையும். ஆனா அந்த சின்னக் குறைவு சாமான் விக்கிறவன் கிட்ட வந்து சேரும்போது பெருசாயிடுது, ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம்.

ஆபரேட்டருக்கு 100 ரூபா வருமானம் வருதுன்னு வெச்சுக்கோங்க. அதுல 15 ரூபா போல கேபெக்ஸுக்கு, அதாவது புது டவர், புது ரேடியோ, சாஃப்ட்வேர் இதுக்கெல்லாம் போகும், பெரும்பாலான ஆபரேட்டருக்கு இது இந்த ரேஞ்சுலதான் இருக்கும். இப்ப வருமானம் 97 ஆயிடுச்சு. சம்பளத்த குறைக்க முடியாது, கரன்ட் பில்லு, டவர் வாடகை, பேங்க் வட்டி எதையும் குறைக்க முடியாது, டிவிடெண்ட்ட குறைச்சா ஷேர்ஹோல்டர் கத்துவாங்க. அப்ப அந்த 3 ரூபாயும் கேபெக்ஸ் தலையிலதான் விழும், 15 இருந்தது 12 ஆகும். ஆபரேட்டருக்கு 3 சதவீத அடி, எரிக்சனுக்கு 20 சதவீத அடி. இத விட முக்கியம், ஆபரேட்டர் இதைச் செய்யறதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல, இருக்கற நெட்வொர்க் இன்னும் ஒரு வருஷம் ஓடும், கொஞ்சம் ஸ்லோ ஆகும், அவ்வளவுதான்.

அதுக்கு அடுத்த படி இன்னும் மோசம். சாமான் விக்கிற கம்பெனியோட செலவு பெரும்பகுதி ஆராய்ச்சியில மாட்டிக்கிட்டு இருக்கு. எரிக்சனோட 2023 விற்பனை சுமார் 26,300 கோடி ஸ்வீடிஷ் குரோனா, அதுல ஆராய்ச்சிக்கு மட்டும் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. பிரேசில்ல ஆர்டர் குறைஞ்சிடுச்சுன்னு 6ஜி ஆராய்ச்சிய நிறுத்த முடியுமா, சைனாக்காரன் முந்திடுவான். அதனால விற்பனை கொஞ்சம் இறங்கினாலே லாபம் தடால்னு இறங்குது. அதுலயும் இருக்கற டவர்ல கூடுதலா கெப்பாசிட்டி சேக்கறது, சாஃப்ட்வேர் அப்கிரேடு, இந்த மாதிரி வேலையிலதான் இவங்களுக்கு நல்ல மார்ஜின், மந்தம் வந்தா ஆபரேட்டர் முதல்ல வெட்டறதும் அதைத்தான்.

இதுக்கெல்லாம் மேல கரன்ஸி இருக்கு. சாமான் விலை டாலர்லயோ யூரோலயோ, ஆபரேட்டர் வாங்கற ரீசார்ஜ் உள்ளூர் காசுல. உள்ளூர் காசு பாதியா விழுந்தா அதே ரேடியோ ரெண்டு மடங்கு விலை ஆயிடுது. எக்ஸ்போர்ட் பண்ற உங்களுக்கு இத நான் விளக்க வேண்டியதில்ல, ஆனா உங்களுக்கு ரூபா விழுந்தா லாபம், அங்க உள்ளூர் காசு விழுந்தா விக்கிறவனுக்கு ஆர்டரே போயிடும்.

கேள்வி: நான் மதுரையில எம்.பி.ஏ. படிக்கிறேன் சார். 1997 ஆசிய நிதி நெருக்கடிய பத்தி ப்ராஜெக்ட் பண்றேன், அதுல குவால்காம் ரொம்ப அடி வாங்கியிருக்கணுமேன்னு பாத்தா, 1999ல அந்த ஷேர்தான் பிரமாதமா ஏறியிருக்கு. எப்படி சார்?

பதில்: தம்பி, நல்ல இடத்துல கை வெச்சிருக்கீங்க, எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்ச கேஸ் இது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

குவால்காம் அமெரிக்காவுல சான் டியேகோ கம்பெனி, ஆனா அதுக்கு வாழ்வு குடுத்தது தென்கொரியா. உலகமே ஜிஎஸ்எம்ங்கற செல்ஃபோன் தொழில்நுட்பம் பின்னாடி போயிட்டு இருந்தப்ப கொரிய அரசாங்கம் அதுக்குப் போட்டியான குவால்காமோட சிடிஎம்ஏ தான் எங்க நாட்டு ஸ்டாண்டர்டுன்னு 1993ல முடிவு பண்ணிடுச்சு. 1996 ஆரம்பத்துல அங்க சர்வீஸ் தொடங்குச்சு, பின்னால எஸ்கே டெலிகாம்னு பேர் மாறின கம்பெனிதான் முதல்ல. சாம்சங், எல்ஜி எல்லாம் குவால்காம் சிப்ப வாங்கி ஃபோன் பண்ணாங்க, விக்கிற ஒவ்வொரு ஃபோனுக்கும் ராயல்டியும் குடுத்தாங்க. ஆக ஒரே நாட்டுல இருந்து சிப் வருமானம் ஒரு பக்கம், ராயல்டி ஒரு பக்கம்னு மொத்தமா அந்த நாட்டு மேல சாஞ்சு நின்ன கம்பெனி.

1997 ஜூலை 2ம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்த மிதக்க விட்டுச்சு, அங்க ஆரம்பிச்சு இந்தோனேஷியா, மலேஷியான்னு பரவி நவம்பர்ல கொரியா கடன் கேட்டு ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நிதியம், கதவ தட்டிடுச்சு. டாலருக்கு 900 வோன் சுத்தி இருந்தது டிசம்பர் கடைசியில கிட்டத்தட்ட 2,000 வோன் வரைக்கும் போச்சு. இதுல பாருங்க, கொரியாவுல மூணு புது செல்ஃபோன் ஆபரேட்டர்கள் சர்வீஸ் ஆரம்பிச்சதே 1997 அக்டோபர்லதான், அதாவது புயல் கரையேறற நேரத்துலதான் கடை திறந்திருக்காங்க. சிப்பு டாலர்ல வாங்கணும், வோன் பாதி ஆயிடுச்சு. இதப் படிச்ச எந்த அனலிஸ்டும் குவால்காம விக்கத்தான் சொல்லுவாரு. 1998 வருஷம் முழுக்க அலைஞ்சுட்டு ஷேர் கிட்டத்தட்ட கிளம்பின இடத்துலயே வந்து நின்னுச்சு, அந்த வருஷம் மத்த அமெரிக்க டெக் ஷேர்லாம் எப்படி ஓடுச்சுன்னு பாத்தா இதோட அர்த்தம் புரியும்.

ஆனா தரையில என்ன நடந்துச்சு? 1998ல கொரிய பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல சுருங்குச்சு, லட்சக்கணக்குல வேலை போச்சு, ஆனா அதே வருஷத்துல செல்ஃபோன் சந்தாதாரர்கள் 70 லட்சத்துக்குப் பக்கம் இருந்தது 1 கோடியே 40 லட்சம் ஆச்சு. ரெண்டு மடங்கு! காரணம் என்னன்னா அஞ்சு ஆபரேட்டர்களுக்குள்ள கழுத்தறுப்பு போட்டி, புதுசா வந்தவங்க ஆள் பிடிக்கலன்னா போட்ட பணம் அத்தனையும் போயிடும், அதனால கடன வாங்கியாவது ஃபோனுக்கு சப்ஸிடி குடுத்து, கிட்டத்தட்ட சும்மாவே தூக்கிக் குடுத்தாங்க. ஒவ்வொரு ஃபோன்லயும் ஒரு குவால்காம் சிப்பு.

இதோட 1999 மார்ச்ல எரிக்சனோட இருந்த பேட்டன்ட் சண்டை முடிஞ்சு, நஷ்டத்துல இருந்த நெட்வொர்க் சாமான் பிரிவையும் எரிக்சனுக்கே வித்துட்டாங்க, 3ஜி எல்லாமே சிடிஎம்ஏ அடிப்படைன்னு ஆச்சு, டாட்காம் வெறி வேற. 1999 ஒரே வருஷத்துல ஷேர் 2,619 சதவீதம் ஏறுச்சு. இந்த ஏத்தத்துக்கு கொரியா மட்டும் காரணம்னு ப்ராஜெக்ட்ல எழுதிடாதீங்க, கொரியா கவுத்துடும்னு பயந்தது நடக்கலங்கறது ஒரு காரணம்.

கதையோட மறுபாதிய யாரும் எழுதறதில்ல, நீங்க எழுதுங்க. 2000ம் வருஷம் கொரியா நல்லா தேறிடுச்சு, வளர்ச்சி 9 சதவீதம் கிட்ட. ஆனா அந்த வருஷம் ஜூன்ல அரசாங்கம் ஃபோன் சப்ஸிடிக்கு தடை போட்டுச்சு. உடனே கொரியாவுல ஃபோன் விற்பனை படுத்துச்சு, குவால்காம் தன் சிப் விற்பனை கணிப்ப குறைச்சுது, ஷேர் அடி வாங்குச்சு. நாடே திவாலாகற நேரத்துல வியாபாரம் ரெட்டிப்பு, நாடு செழிக்கும்போது சரிவு. ஜிடிபி நம்பர மட்டும் பாத்து இந்த ஷேர்கள வாங்கி விக்கிறவங்களுக்கு நான் இந்த ஒரு கேஸத்தான் எப்பவும் காட்டறது, ஆபரேட்டர் கையில காசு புரளுதா, அவன் செலவு பண்ணியே ஆகணுங்கற நெருக்கடியில இருக்கானா, இந்த ரெண்டும்தான் நிர்ணயிக்குது.

கேள்வி: அதே ஆசிய நெருக்கடியிலதான் மோட்டோரோலா விழுந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. அவர் அந்தக் காலத்துல பேஜர் வியாபாரம் பண்ணவரு. சரியா சார்? (அம்பத்தூர் வாசகி)

பதில்: பாதி சரிம்மா. 1998 ஜூன்ல மோட்டோரோலா 15,000 பேர வீட்டுக்கு அனுப்பறோம், 195 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதறோம்னு அறிவிச்சுது, அப்ப ஆசிய மந்தமும் ஒரு காரணமா சொல்லப்பட்டுச்சு. வருஷ முடிவுல 96 கோடி டாலர் நஷ்டம். ஆசியாவுல அவங்களுக்கு பேஜர், சிப்பு, ஃபோன், டவர் சாமான்னு எல்லாமே இருந்துச்சு, அடி உண்மைதான். ஆனா அதே ஆசியாவுல அதே 1998ல நோக்கியாவும்தான் வித்துச்சு, அது அந்த வருஷம் மோட்டோரோலாவ தாண்டி உலகத்துலயே அதிகமா செல்ஃபோன் விக்கிற கம்பெனி ஆச்சு. மோட்டோரோலா அனலாக் ஃபோன விட்டு டிஜிட்டலுக்கு மாற லேட் பண்ணுச்சு, அதுதான் ஆழமான காயம். ஒரு கம்பெனி “அந்தப் பக்கம் மந்தம், அதான் விற்பனை இல்ல”ன்னு சொன்னா, அதே பக்கத்துல போட்டிக்காரன் என்ன பண்ணான்னு உடனே பாருங்க. வீட்டுக்காரர் கிட்டயும் சொல்லுங்க.

கேள்வி: நான் கோவையில பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த கம்பெனிகளோட பழைய ஆண்டறிக்கையில “கஸ்டமர் ஃபைனான்சிங்”னு ஒரு தலைப்பு பாத்தேன். சாமான் விக்கிறவன் எதுக்கு கடன் குடுக்கணும்? ஒரு மந்தம் வந்தா இது எங்க போய் நிக்கும்?

பதில்: சார், பேங்க்ல உக்காந்து பாத்த உங்களுக்குத்தான் இந்த தலைப்பு கண்ணுல பட்டிருக்கு, சாதாரணமா முதலீட்டாளர்கள் இந்தப் பக்கத்த புரட்டறதே இல்ல. என் கணக்குல இந்தத் துறையில ஷேர்ஹோல்டர் பணத்த உண்மையிலயே அழிச்சது மந்தம் இல்ல, மந்தம் வந்தப்ப கையில இருந்த இந்தக் கடன்கள்தான்.

டெல்டால உரக்கடைக்காரர் “அறுவடை முடிஞ்சு குடுங்க”ன்னு மூட்டைய ஏத்தி விடுவாரே, அதேதான் இது. புது ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கிட்டு கையில காசில்லாம நிப்பான், சாமான் விக்கிறவன் “நானே கடன் தரேன், அதுல என் சாமானையே வாங்கிக்கோ”ன்னு சொல்லுவான். விற்பனைக் கணக்குல பிரமாதமா ஏறும், காசு மட்டும் வந்திருக்காது. 1990களோட கடைசியில மோட்டோரோலா, நோக்கியா, எரிக்சன், அமெரிக்காவோட லூசன்ட், கனடாவோட நோர்டெல்னு சாமான் விக்கிற எல்லாரும் இதுல குதிச்சாங்க, அடுத்தவன் தரான் நான் தரலன்னா ஆர்டர் போயிடுமேங்கற பயம்.

இதுல துருக்கி கேஸ சொல்லியே ஆகணும். அங்க டெல்சிம்னு ரெண்டாவது பெரிய செல்ஃபோன் கம்பெனி, ஊசான் குடும்பத்தோடது, அந்த ஊர்ல டிவி, பேப்பர், பேங்க் எல்லாம் வெச்சிருந்த பெரிய குடும்பம். மோட்டோரோலா இவங்களுக்கு கொஞ்சம் கொஞ்சமா சுமார் 200 கோடி டாலர் கடன் குடுத்துச்சு, நோக்கியாவும் பல கோடி டாலர். ஒரு நாட்டுல, ஒரு கம்பெனிக்கு, ஒரு குடும்பத்துக்கு 200 கோடி டாலர்! உங்க பேங்க்ல இப்படி ஒரு ப்ரோபோசல் வந்திருந்தா எந்த கமிட்டியில பாஸ் ஆகியிருக்கும் சொல்லுங்க.

2001 பிப்ரவரியில துருக்கியில பேங்க் நெருக்கடி வெடிச்சு லிராவ மிதக்க விட்டாங்க, சில நாள்லயே மூணுல ஒரு பங்கு மதிப்பு போச்சு. டெல்சிம் வருமானம் லிராவுல, கடன் டாலர்ல. ஏப்ரல் கடைசியில மோட்டோரோலாவுக்கு 72.8 கோடி டாலர் கட்டணும், கட்டல. சரி, அடமானம் இருக்கேன்னு பாத்தா, டெல்சிமோட 66 சதவீத ஷேர் அடமானமா இருந்துச்சு, ஆனா அந்தக் குடும்பம் புதுசா ஷேர்கள வெளியிட்டு அந்த 66ஐ 22 ஆக்கிடுச்சு. அடமானம் வெச்ச நகைய பீரோவுல வெச்சுப் பூட்டினப்புறமும் எடை குறைஞ்சுடுச்சுன்னு சொன்னா நம்புவீங்களா, காகிதத்துல அது நடந்துச்சு. 2002 ஜனவரியில மோட்டோரோலாவும் நோக்கியாவும் நியூயார்க் கோர்ட்டுக்குப் போனாங்க, 2003ல நீதிபதி மோட்டோரோலாவுக்கு 426 கோடி டாலர் குடுக்கச் சொல்லி தீர்ப்பு எழுதினாரு, அதுல பாதி தண்டனைத் தொகை. தீர்ப்பு வந்துச்சு, காசு வரல. துருக்கி அரசாங்கம் டெல்சிம எடுத்துக்கிட்டு 2005 டிசம்பர்ல வோடஃபோனுக்கு 455 கோடி டாலருக்கு வித்துச்சு, அதுக்கு முன்னாடி போட்ட சமரசத்துல மோட்டோரோலாவுக்கு 50 கோடி டாலரும், விற்பனை விலையில 250 கோடிக்கு மேல வர்றதுல அஞ்சுல ஒரு பங்கும் கிடைச்சுது. கூட்டிப் பாத்தா 91 கோடி டாலர், அசல்ல பாதி கூட இல்ல, வட்டியோட பேச்சே இல்ல.

இப்ப கொரியாவையும் துருக்கியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க சார். ரெண்டுலயும் காசு சரிஞ்சுது, ரெண்டுலயும் ஐஎம்எஃப் வந்துச்சு. கொரியாவுல குவால்காம் பெரும்பாலும் காசு வாங்கிட்டு சிப்பு குடுத்துச்சு, ராயல்டி வாங்குச்சு, அதனால ஒரு வருஷம் பயந்துட்டு பொழச்சுக்கிச்சு. துருக்கியில மோட்டோரோலா கடன குடுத்துட்டு நின்னுச்சு. மந்தத்துல தள்ளிப் போன ஆர்டர் ரெண்டு வருஷம் கழிச்சாவது திரும்ப வரும், வராக்கடன் வராது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட நாட்டில 2022 இல ரூபா அப்பிடி விழுந்தும், இங்க சாமான் குடுக்கிற கொம்பனியளின்ர பங்குகள் ஏன் அசையேல்லை?

பதில்: அளவுதான் காரணம். நீங்க அந்த நாட்கள அங்கயே இருந்து கடந்தவரு, பெட்ரோல் க்யூவையும் கரன்ட் கட்டையும் வெளியில இருந்து படிச்ச எனக்கு நீங்கதான் சொல்லணும், ஆனா எரிக்சன், சைனாவோட ஸெட்டிஇ (ZTE) மாதிரி கம்பெனிகளோட உலக விற்பனையில இலங்கை ரொம்பச் சின்ன துளி. இன்னொரு சைனா கம்பெனி ஹுவாவே (Huawei) ஷேர் மார்க்கெட்லயே இல்லாத கம்பெனி. அதனால சாமான் விக்கிறவங்க ஷேர்ல அது தெரியாது, ஆபரேட்டர் ஷேர்லதான் தெரியும். டாலர் 200 ரூபா சுத்தி இருந்தது சில மாசத்துல 360 போச்சு, உங்க ஊர் ஆபரேட்டர் டயலாக் 2022 கணக்குல அந்நியச் செலாவணி நஷ்டம் பெருசா எழுதி அந்த வருஷம் நஷ்டத்துல முடிச்சுது. செப்டம்பர்ல மொபைல் கட்டணத்த 20 சதவீதம் ஏத்த அனுமதி வந்துச்சு, ஆனா டாலர் சாமான் விலை அப்ப 80 சதவீதம் ஏறியிருந்துச்சு, நடுவுல இருக்கற அந்த இடைவெளிய ஆபரேட்டர் கேபெக்ஸ வெட்டித்தான் அடைக்க முடியும். உங்க ஊர்ல அதுக்கப்புறம் சிக்னல் எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, உண்மையாவே தெரிஞ்சுக்கணும்.

கேள்வி: சார், நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கேன். 2014ல நோக்கியா ஃபோன் ஃபேக்டரி மூடினப்ப எங்க தெருவுலயே நிறைய பேருக்கு வேலை போச்சு. இப்ப ஒரகடத்துல இருக்கற நோக்கியா நெட்வொர்க் ஃபேக்டரியில என் தம்பி வேலை பாக்கறான். இந்தியாவுல 5ஜி வேலை குறைஞ்சிடுச்சுங்கறாங்க, பயமா இருக்கு. இந்தியாவுல மந்தமா?

பதில்: மந்தம் இல்ல, முதல்ல அந்தப் பயத்த இறக்கி வைங்க. 2022 அக்டோபர்ல 5ஜி ஆரம்பிச்சதும் ஜியோவும் ஏர்டெல்லும் உலகத்துலயே இல்லாத வேகத்துல டவர்ல ரேடியோ மாட்டினாங்க. நோக்கியாவோட இந்திய விற்பனை 2023ல அதுக்கு முந்தின வருஷத்த விட ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. அதே சமயம் அமெரிக்காவுல வட்டி ஏறி, கொரோனா காலத்துல பயந்து வாங்கி வெச்ச சாமான் குடோன்ல தேங்கிக் கிடந்து, ஆபரேட்டர்கள் வாங்கறத ரொம்பவே குறைச்சுட்டாங்க. 2023 அக்டோபர்ல நோக்கியா, காலாண்டு விற்பனை 20 சதவீதம் சரிவு, 14,000 வேலை வரைக்கும் குறைப்போம்னு சொல்லுச்சு. இங்க பொங்கிட்டு இருக்கும்போதே ஷேர் விழுந்துச்சு, ஏன்னா அமெரிக்காவுல கிடைக்கற மார்ஜின் இங்க கிடையாது, நம்ம ஆபரேட்டர்கள் பேரம் பேசறதுல அப்படி. டிசம்பர்ல அமெரிக்க ஆபரேட்டர் ஏடி அண்ட் டி தன் பெரிய ஆர்டர, அஞ்சு வருஷத்துல 1,400 கோடி டாலர் வரைக்கும், எரிக்சனுக்கு குடுத்தது நோக்கியாவுக்கு இன்னொரு அடி. 2024ல இந்திய வேலையும் முதல் சுத்து முடிஞ்சு பாதிக்குப் பக்கமா இறங்கிடுச்சு. வளர்ற பொருளாதாரத்துலயே இது நடந்துச்சு, ஒரு தலைமுறை நெட்வொர்க் போட்டு முடிச்சா இப்படி ஒரு பள்ளம் வரும், இத மந்தம்னு தப்பா எடுத்துக்கறவங்க நிறைய.

இதே மாதிரி நம்ம மார்க்கெட்லயே நெட்வொர்க் சாமான் பண்ற தேஜஸ் நெட்வொர்க்ஸ் இருக்கு. பிஎஸ்என்எல் 4ஜிக்காக டிசிஎஸ் மூலமா 2023ல 7,492 கோடி ரூபா ஆர்டர் வந்துச்சு, 2024-25ல விற்பனை 8,900 கோடிய தொட்டுச்சு, அந்த ஆர்டர் முடியற கட்டத்துல அடுத்த வருஷ முதல் காலாண்டுல விற்பனை 200 கோடி சுத்தித்தான், அதோட நஷ்டம். நாடு நல்லாத்தான் இருந்துச்சு, ஒரே கஸ்டமர் வாங்கி முடிச்சிட்டாரு.

உண்மையிலயே நம்ம ஊர்ல சாமான் விக்கிறவங்க பட்டது ஜியோ வந்ததுக்கு அப்புறம் நடந்த விலைப் போர்லதான். 2018 பிப்ரவரியில ஏர்செல் சிக்னல் போய் ஜனங்க நம்பர மாத்தறதுக்கு அலைஞ்சது தமிழ்நாட்டுல யாருக்கும் மறந்திருக்காது, அந்த மாசமே ஏர்செல் திவால் மனு போட்டுச்சு. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நெட்வொர்க்க பராமரிச்ச எரிக்சனுக்கு 1,500 கோடிக்கு மேல பாக்கி, 550 கோடிக்கு இறங்கி வந்து ஒத்துக்கிட்டாங்க, அதுவும் வரல, கடைசியில 2019 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அனில் அம்பானிய கோர்ட் அவமதிப்புல குற்றவாளின்னு சொல்லி, நாலு வாரத்துல கட்டலன்னா மூணு மாசம் ஜெயில்னு சொன்னப்புறம்தான் மார்ச்ல காசு கைக்கு வந்துச்சு. உங்க தம்பி வேலையப் பத்தி எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னா, ஒரகடம் ஃபேக்டரி இந்தியாவுக்கு மட்டும் இல்ல, வெளிநாட்டுக்கும் சாமான் அனுப்புது, ஒரு நாட்டு ஆர்டர் குறைஞ்சா இன்னொன்னு தாங்கறதுக்கு வழி இருக்கு, பழைய ஃபோன் ஃபேக்டரிக்கு நேர்ந்த வரித் தகராறும் ஃபோன் பிரிவையே வித்ததும் வேற கதை.

கேள்வி: சேலத்துல இருந்து. ஒரு நாட்டுல மந்தம்னு இந்த மாதிரி ஷேர் விழுந்தா அள்ளிடலாமா? எதை பாத்து முடிவு பண்றது?

பதில்: 1998ல குவால்காம வாங்கினவர் கோடீஸ்வரர். 2001ல விழுந்துடுச்சேன்னு நோர்டெல் வாங்கினவர்? கனடாவுல 2000ல 124 டாலர் வரைக்கும் போன ஷேர், ஒரு கட்டத்துல டொரோன்டோ இன்டெக்ஸ்லயே மூணுல ஒரு பங்கு அந்த ஒரே கம்பெனி, 2002ல ஒரு டாலருக்கும் கீழ, 2009 ஜனவரியில திவால். அப்ப ஐரோப்பாவுல ஆபரேட்டர்கள் 3ஜி ஏலத்துல பிரிட்டன்ல 2,250 கோடி பவுண்டு, ஜெர்மனியில 5,000 கோடி யூரோன்னு கொட்டிட்டு கடன்ல மூழ்கிட்டாங்க, டவர் கட்ட காசில்ல. எரிக்சன் கூட 2002ல ஷேர்ஹோல்டர்கள் கிட்ட 3,000 கோடி குரோனா ரைட்ஸ் இஷ்யூ (இருக்கற ஷேர்ஹோல்டருக்கே புது ஷேர விக்கறது) போட்டு வாங்கித்தான் மூச்சு விட்டுச்சு, ஒரு லட்சத்துக்கு மேல இருந்த ஊழியர்கள் பாதியானாங்க. விழுந்த ஷேர் எல்லாம் ஒரே ஜாதி இல்ல.

நான் பாக்கறத சொல்றேன், வாங்குங்க விக்குங்கன்னு சொல்லல. மந்தம் வந்த பக்கத்துல இருந்து கம்பெனிக்கு மொத்த விற்பனையில எவ்வளவு வருது, லாபத்துல எவ்வளவு வருது, இது ரெண்டும் வேற வேற நம்பரா இருக்கும். அங்க இருக்கற ஆபரேட்டரோட கடன் எந்தக் கரன்ஸியில. அவன் நெட்வொர்க் போட்டே ஆகணுமா, இல்ல ரெண்டு வருஷம் சும்மா இருந்தாலும் ஓடுமா. விற்பனை ஏறாம வரவேண்டிய பாக்கி மட்டும் ஏறுதுன்னா அந்தக் கம்பெனிய நான் தொடவே மாட்டேன், எவ்வளவு மலிவா கிடைச்சாலும் சரி.

இதெல்லாம் எங்க கிடைக்கும்னு அடுத்த கேள்வி வரும். எரிக்சனும் நோக்கியாவும் அமெரிக்க பங்குச்சந்தை கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி கிட்ட 20-எஃப்னு ஒரு ஆண்டறிக்கை தாக்கல் பண்றாங்க, குவால்காம் 10-கே, எல்லாமே இலவசமா டவுன்லோடு பண்ணலாம். அதுல ஏரியா வாரியா விற்பனை டேபிள் ஒண்ணு இருக்கும், பின்னாடி நோட்ஸ்ல கோவை சார் கேட்ட அந்த கஸ்டமர் ஃபைனான்ஸ் பத்தின குறிப்பும், வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்கினாங்கங்கறதும் இருக்கும், மூணு வருஷ அறிக்கைய பக்கத்துல பக்கத்துல வெச்சு அந்த ரெண்டு இடத்த மட்டும் முதல்ல படிங்க, டவுட் வந்தா எந்தப் பக்கம்னு குறிச்சு எழுதுங்க.